இளவரசன் கெட்டவன், சரி. அந்த அப்பா?

வாசகர் கேள்வி

அக்கா, என் மகளுக்கு 14 வயது, உயர்நிலை 2. போன பள்ளி விடுமுறையிலிருந்து ஃபேரி நாவல்களே கதி என்று கிடக்கிறாள். இப்போது கையில் இருப்பது ஹாலி பிளாக் எழுதிய 'தி குரூவல் பிரின்ஸ்'. அப்படி என்னதான் இருக்கிறது என்று எம்ஆர்டி ரயிலில் போகும்போது கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஓர் இளவரசன், கூட மூன்று கூட்டாளிகள். மனிதப் பிறவி என்பதற்காகவே ஒரு பெண்ணைக் கேவலப்படுத்துகிறார்கள், ஆற்றில் தள்ளிவிடுகிறார்கள். என் மகளின் ஃபோனில் அந்த இளவரசன் படம்தான் வால்பேப்பர்!

துரித உணவுக் கடையில் கொடுக்கும் உப்புப் பொட்டலங்களைப் பென்சில் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் டீ-சட்டையை வேண்டுமென்றே உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கீழே போனாள். என் மாமியார், பிள்ளைக்கு யாரோ என்னமோ செய்துவிட்டார்கள் என்கிறார். என் கணவர், புத்தகம்தானே, விடு என்கிறார். தமிழில் மதிப்பெண் வேறு குறைந்திருக்கிறது. இரவு 12 மணிக்கும் அறையில் வெளிச்சம். ஒரு நோட்டில் தானே ஏதோ கதை எழுதி, தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். நிறுத்திவிடவா? அந்த நோட்டை எடுத்துப் படிக்கலாமா?

— செங்காங் வாசகி

பதில்

நிறுத்தாதீர்கள். நீங்கள் பிடுங்கினால் மிச்சத்தைத் தோழியின் ஃபோனில் படித்து முடித்துவிடுவாள். உங்களோடு அதைப் பற்றிப் பேசுவது மட்டும் நின்றுபோகும். இரவு 12 மணி வெளிச்சம் தூக்கம் சம்பந்தப்பட்ட விஷயம், அதைத் தூக்கத்தின் கணக்கிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பத்தரைக்கு ஃபோனும் புத்தகமும் வரவேற்பறை மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். உங்கள் ஃபோனும் உங்கள் கணவர் ஃபோனும் அதே மேசைக்கு வந்தால்தான் அது நடக்கும்.

முதலில் உப்புப் பொட்டலம். உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், யாரும் ஒன்றும் செய்யவில்லை. அந்த நாவல்களில் வரும் ஃபேரிகள் கையளவு உயரத்தில் இறக்கையோடு மினுமினுக்கிற கூட்டம் இல்லை. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஊர்ஜனங்கள் நிஜமாகவே பயந்த ஓர் இனம் அது. ஆள் உயரம், பேரழகு, நீண்ட ஆயுள், மனிதர்மேல் துளி இரக்கம் கிடையாது. அவர்களிடம் மாட்டாமல் இருக்க ஊரில் சில வழிகள் வைத்திருந்தார்கள். கையில் இரும்பு இருக்க வேண்டும். உப்பு இருந்தால் மந்திரம் பலிக்காது. ரோவன் மரத்தின் சிவப்புப் பழத்தைக் கோத்துப் போட்டுக்கொள்ளலாம். காட்டில் வழி தவறினால் சட்டையைத் திருப்பிப் போட வேண்டும். அவர்கள் கொடுக்கிற எதையும் சாப்பிடக் கூடாது. 1690களில் ராபர்ட் கர்க் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இந்த நம்பிக்கைகளையெல்லாம் கேட்டு ஒரு நூலாகவே எழுதி வைத்தார். 1692ல் அவர் ஒரு குன்றின் மேல் விழுந்து இறந்தபோது, ஃபேரிகள் கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்களாம். ஆக, உங்கள் மகள் செய்வது கிறுக்குத்தனம் இல்லை. அவளுக்குப் பிடித்த கதையின் சட்டதிட்டத்தைக் கொஞ்சம் உடுத்திப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. பேத்தி உப்பு வைத்திருக்கிறாள் என்று பயப்படுகிற அதே பாட்டி, கண்ணேறு கழிக்க எதைச் சுற்றிப் போடுவார்? உப்பும் மிளகாயும்தானே? ராத்திரி நேரத்தில் கறிக்குழம்பைக் கொடுத்தனுப்பும்போது பாத்திரத்தோடு ஒரு கரித்துண்டோ இரும்புத் துண்டோ வைத்து அனுப்புகிற பழக்கம் அவர் வீட்டில் இல்லாமல் இருந்திருக்காது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைப்பதும், புளியமரத்தில் ஆணி அடித்துப் பேயைக் கட்டுவதும் அவருக்குத் தெரிந்த கதைகள்தான். உங்கள் மகளுக்கு மலாய்த் தோழி இருந்தால் அந்த வீட்டிலும் கேட்கச் சொல்லுங்கள். காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடும்பம் நடத்துகிற 'ஓராங் புனியான்' பற்றிச் சொல்வார்கள். பொந்தியானாக் என்ற பெண்பேயின் பிடரியில் ஆணி அறைந்தால் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள் என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரருக்கும் நமக்கும் மலாய்க்காரருக்கும் இரும்பு ஒரே மாதிரி வேலை செய்கிறது! பேத்தியையும் பாட்டியையும் ஒரு சாயங்காலம் சேர்ந்தாற்போல் உட்கார விட்டுவிட்டு, நீங்கள் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். ஏன் இரும்பு, ஏன் கரி என்று அவள் கேட்க ஆரம்பித்தால் பாட்டியிடமிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சரக்கு வரும். பாட்டியின் பயமும் அதிலேயே போய்விடும்.

அப்புறம் அந்த இளவரசன். நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். முதலில் அடித்துக்கொண்டு பிறகு காதலிப்பது என்பது இப்போதைய இளையர் நாவல்களில் சக்கைபோடு போடுகிற ஃபார்முலா. கார்டன் என்ற அந்த இளவரசன் செய்கிற அட்டூழியத்தில் நீங்கள் ஒரு பகுதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். தின்றால் மனிதருக்குப் புத்தி மழுங்கிப்போகும் ஒரு பழம் வருகிறது. அவன் கூட்டாளி அதை ஜூட் என்ற அந்த மனிதப் பெண்ணின் வாயில் திணிக்கிற காட்சி படிக்கவே கூசும். கார்டனை அவன் அண்ணன் வீட்டில் எப்படி நடத்துகிறான் என்பதைப் பின்னால் அவள் ஒளிந்திருந்து பார்க்கிறாள், நமக்கும் அவன்மேல் கொஞ்சம் பரிதாபம் வருகிறது. அவன் ஏன் அப்படி ஆனான் என்று தெரிந்துகொள்வது வேறு, அதற்காக அவன் செய்ததை மன்னித்துவிடுவது வேறு. 14 வயதில் இந்த இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடலாம். பேச வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் 'இதெல்லாம் காதலா?' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் தயாராக இருக்கும், கூடவே ஒரு பெருமூச்சும். கதைக்குள்ளே போய்க் கேளுங்கள். 'ஜூட் அவனை எந்த இடத்தில் நம்பலாம் என்று நினைக்கிறாய்?' என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருங்கள். இந்தக் கதையின் ஃபேரிகளுக்குப் பொய் சொல்ல முடியாது. அதுதான் அதன் பெரிய விதி. அதனால் அவர்கள் உண்மையையே வளைத்துச் சொல்லி, பாதியை விழுங்கி, கேட்பவர் தானே தப்பாகப் புரிந்துகொள்ளும்படி பேசுவார்கள். மனிதப் பெண்ணான ஜூட்டுக்கோ வாய் கூசாமல் பொய் சொல்ல வரும். உடல் பலத்தில் அவர்களுக்கு ஈடு கொடுக்க முடியாத அவளுக்கு அங்கே இருக்கிற ஒரே அனுகூலம் அது. பொய்யே சொல்லாமல் ஏமாற்றுவது எப்படி என்று நாவலில் ரசித்துப் படித்த பெண்ணுக்கு, நாளைக்கு ஒரு பையன் அனுப்புகிற வழவழப்பான செய்தியில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரியும். நாம் உட்கார வைத்துச் செய்கிற உபதேசத்தில் அது வருமா என்று எனக்குச் சந்தேகம்.

உண்மையில், கடிதம் முழுக்க நீங்கள் இளவரசனைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். என்னை அந்தப் புத்தகத்தில் உலுக்கியது வேறொருவர். முதல் சில பக்கங்களைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள். ஜூட்டுக்கு ஏழு வயது. வீட்டு வாசலில் ஒருவன் வந்து நிற்கிறான். பிள்ளைகள் கண் முன்னாலேயே அம்மாவையும் அப்பாவையும் வெட்டிச் சாய்க்கிறான். அவன் மேடாக், ஃபேரி அரசின் தளபதி, அந்த அம்மாவின் முன்னாள் கணவன். ஜூட்டின் அக்கா அவனுக்குப் பிறந்தவள் என்பதால் அவளைக் கூட்டிப்போக வந்தவன், ஜூட்டையும் அவள் இரட்டைச் சகோதரியையும் சேர்த்தே கொண்டுபோய்த் தன் பிள்ளைகளாக வளர்க்கிறான். சாப்பாடு போடுகிறான், வாள் சுழற்றச் சொல்லித் தருகிறான், தன் வழியில் பாசமாகவும் இருக்கிறான். பெற்றவர்களைக் கொன்றவன்மேல் அவளுக்கும் பாசம் வந்துவிடுகிறது. அதை அவளால் மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. வீட்டுக்குள் நம்மை வளர்க்கிறவரிடம் அன்பும் பயமும் கோபமும் ஒரே நேரத்தில் இருப்பது வளரும் பிள்ளைகள் பலருக்கும் தெரிந்த சங்கதி. எந்த அப்பாவும் தளபதி இல்லை என்றாலும், சமையலறையில் குரல் உயரும்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளைகள் எல்லா புளோக்கிலும் இருக்கிறார்கள். (உங்கள் வீட்டைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.) இளவரசன் படம் வால்பேப்பரில் இருக்கட்டும். மேடாக்கைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அதில்தான் உங்கள் மகளைப் பற்றி ஏதாவது தெரியவரும்.

நிஜமாகவே கவலைப்பட வேண்டியது எப்போது என்றால், கதையில் அல்லாமல் வகுப்பில் இருக்கிற ஒருவன் அவளை மட்டம் தட்ட, அவள் அவனுக்காகப் பரிந்து பேசினால். அப்போது நாவலை விட்டுவிட்டு அவளைப் பாருங்கள். பள்ளியில் ஆலோசகர் இருப்பார், தயங்காமல் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஃபேரி என்று அட்டையில் இருப்பதெல்லாம் ஒரே வயதுக்கானது இல்லை. அடுத்ததாக அவள் தோழிகள் கையில் கொடுக்கப்போவது அநேகமாக சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' வரிசையாக இருக்கும். அது 2015ல் வந்தபோது இளையர் நாவல் என்றுதான் விற்றார்கள். படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாக இருப்பதால், 2020ல் அட்டையை மாற்றி, பெரியவர்களுக்கான புத்தகமாக வெளியிட்டார்கள். பழைய அட்டைப் பிரதிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும். நூலகத்தில் எந்த அலமாரியிலிருந்து எடுத்தாள் என்று பாருங்கள், சந்தேகமாக இருந்தால் நூலகரைக் கேளுங்கள். 'இதை 17, 18 வயதில் படி' என்று காரணத்தோடு நேராகச் சொல்லிவிடலாம். 'தி குரூவல் பிரின்ஸ்' அந்த ரகம் இல்லை. அதில் கொலையும் விஷமும் சூழ்ச்சியும்தான் அதிகம். 2018ல் தொடங்கிய அந்த மூன்று பாகக் கதை 2019லேயே முடிந்துவிட்டது, மூன்றையும் படித்து முடிக்கட்டும்.

தமிழ் மதிப்பெண்ணை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் நாவல் படிப்பதால் தமிழ் குறைந்தது என்றால், நாவலே படிக்காத பிள்ளைகளெல்லாம் தமிழில் வெளுத்துக்கட்ட வேண்டுமே! குறைந்தது எந்தத் தாளில் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வாய்மொழியா, கட்டுரையா, கருத்தறிதலா என்று தெரிந்தால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும். ஃபேரிக்குப் பதில் இதைப் படி என்று தடித்தடியாக ஐந்து பாகச் சரித்திர நாவலைக் கொண்டுபோய் நீட்டுகிற வேலை வேண்டாம். 14 வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து படிக்கிற மாயக்கதை தமிழில் அதிகம் இல்லை. அது அவள் குற்றம் இல்லையே.

அவளே கேட்டால் மட்டும், சாப்பாட்டு நேரத்தில் தமயந்தி கதையைச் சொல்லுங்கள். சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்திரன், அக்கினி, எமன், வருணன் நால்வரும் நளன் உருவத்திலேயே வந்துவிட்டார்கள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? ஒருவனுக்கு மட்டும் கண் இமைக்கிறது, கால் தரையில் படுகிறது, கழுத்து மாலை வாடியிருக்கிறது. தேவர்கள் நால்வரையும் விட்டுவிட்டு, மாலை வாடியவன் கழுத்தில்தான் அவள் மாலையிடுகிறாள். நளவெண்பாவில் இந்தக் காட்சி ஒரே வெண்பாவில் முடிந்துவிடும். பாட்டைச் சொல்லிப் பொருள் கேட்டுவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும். கதையை மட்டும் சொல்லுங்கள். 'ஜூட்டாக இருந்தால் யாரைத் தேர்ந்தெடுத்திருப்பாள்?' என்று அவளே சண்டைக்கு வருவாள்.

கடைசியாக அந்த நோட்டு. எடுத்துப் படிக்கக் கூடாது, அவள் பள்ளிக்குப் போயிருக்கிற நேரத்தில்கூட. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள் என்றால் இன்னும் யாருக்கும் காட்டுகிற நிலைக்கு வரவில்லை என்று அர்த்தம். 'எழுதுகிறாய் போலிருக்கிறதே, எப்போதாவது காட்டத் தோன்றினால் காட்டு' என்று ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். காட்டினால், சிவப்புப் பேனாவைத் தொடாமல் முழுவதையும் படியுங்கள். கதையில் வருகிற அம்மா உங்களைப் போலவே இருந்தாலும் அதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அடுத்து என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.