64 கட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாம்பனில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். வயது முப்பத்தெட்டு. மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருந்தபோது தங்கச்சி மகன் போனில் செஸ் சொல்லிக் கொடுத்தான். அப்படியே பிடித்துவிட்டது. செஸ்.காமில் ராத்திரி ராத்திரி மூன்று நிமிட ஆட்டமாக ஆடுகிறேன். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் ஓப்பனிங் வீடியோக்களும் விடாமல் பார்க்கிறேன். ஆனாலும் என் திறமைக்கு ஆப் போடுகிற ரேட்டிங் புள்ளி 600-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. மருமகன் லிசெஸ் ஆப்பில் 1400 வைத்திருக்கிறான். இந்த வயசில் எனக்கு இனிமேல் வருமா அண்ணே?

பதில்: வரும் தம்பி, தாராளமாக வரும். முதலில் மருமகனின் 1400-ஐ மறந்துவிடுங்கள். லிசெஸ்ஸில் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் 1500-லிருந்துதான் தொடங்கும். அங்கே கணக்கிடும் முறையே வேறு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசுதான் கெடும்.

உங்களைக் கட்டிப் போட்டிருப்பது அந்த மூன்று நிமிடம். ஆட்டம் 40 நகர்த்தல் போனால், ஒரு நகர்த்தலுக்கு உங்களுக்குக் கிடைப்பது நாலரை விநாடி. பழகிய கண்ணுக்கு அது போதும். உங்கள் கண் இப்போதுதான் பழகுகிறது. கொஞ்ச காலம் அதை ஒதுக்கிவிட்டு, 15 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதலும் தருகிற ஆட்டத்துக்கு வாருங்கள். ராத்திரிக்கு ஒன்று ஆடினால் போதும்.

600-ல் யாரும் ஓப்பனிங் தெரியாமல் தோற்பதில்லை. காய் சும்மா பறிபோகிறது, அதனால் தோற்கிறார்கள். மண்டபத்தில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் செஸ் படிக்க வரும் பிள்ளைகளிடம் தினமும் இதைத்தான் பார்க்கிறேன். தான் அடுத்து என்ன செய்யலாம் என்பதிலேயே கண் இருக்கும். எதிராளி இப்போது வைத்த காய் எதைக் குறிவைக்கிறது என்று பார்ப்பதே இல்லை. கடலுக்குக் கிளம்புமுன் காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்காமல் நீங்கள் கயிற்றை அவிழ்ப்பீர்களா? அதே மாதிரி, எதிராளி நகர்த்தியதும் விரலைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தக் காய் ஏன் இங்கே வந்தது? அடுத்து எனக்குச் செக் வைக்குமா? எதையாவது வெட்டுமா? நீங்கள் வைக்க நினைக்கும் கட்டத்துக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். வெட்டுக்கு வெட்டு வந்தால் கணக்குப் பாருங்கள்: சிப்பாய் 1, குதிரையும் மந்திரியும் தலா 3, யானை 5, ராணி 9.

இது புதியவர்களுக்கு மட்டும் சொல்கிற பாடம் இல்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம்ம குகேஷ் உலக சாம்பியன் ஆனாரே, அந்தக் கடைசி 14-ஆவது ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். டிரா என்றே எல்லோரும் நினைத்திருந்த ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரன் யானையை எஃப்2 என்ற கட்டத்துக்குக் கொண்டுவந்தார், அதுதான் தவறு. குகேஷ் யானைகளை வெட்டி மாற்றினார், அடுத்து மந்திரிகளையும் மாற்ற வைத்தார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும்தான், குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58-ஆவது நகர்த்தலோடு முடிந்தது. 18 வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் அதைக் கண்டுபிடித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

ஓப்பனிங்கில் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். நடுச் சிப்பாயை முன்னே தள்ளுங்கள், குதிரையையும் மந்திரியையும் வெளியே எடுங்கள், சீக்கிரம் கேஸ்லிங் செய்து ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்துங்கள். 600-ல் அடிக்கடி வருகிற ஒரு வலையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கறுப்பு. இரண்டு பேரும் ராஜாவுக்கு முன்னே இருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும், வெள்ளை ராணி நேராக எச்5-க்கு வந்து நிற்கும். விரட்டலாம் என்று உடனே ஜி6-ல் சிப்பாயை வைத்தால், ராணி இ5-ல் உள்ள உங்கள் சிப்பாயை வெட்டிச் செக் கொடுக்கும், அடுத்து மூலையில் நிற்கிற யானையையும் தூக்கிவிடும். அதனால் முதலில் குதிரையைச் சி6-ல் வைத்து அந்தச் சிப்பாயைக் காப்பாற்றுங்கள். அடுத்து வெள்ளை மந்திரி சி4-க்கு வரும், அதன் துணையோடு ராணி எஃப்7-ல் மேட் போட, அதாவது ராஜா தப்பவே முடியாத செக் கொடுக்கப் பார்க்கும். இப்போது ஜி6 வையுங்கள், ராணி திரும்பிப் போக வேண்டியதுதான்.

தோற்ற ஆட்டத்தை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்காதீர்கள். எந்த இடத்தில் சாய்ந்தது என்று நீங்களே முதலில் தேடுங்கள், அப்புறம் கம்ப்யூட்டரைக் கேளுங்கள். செஸ்.காம் இலவசக் கணக்கில் இதற்கு வரம்பு உண்டு. லிசெஸ்ஸில் எல்லாமே இலவசம், விளம்பரமும் கிடையாது. உங்கள் தவறுகளையே புதிராகத் திருப்பித் தந்து, சரியானதை உங்களையே கண்டுபிடிக்கச் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த வசதி அது.

வாடைக்காற்று பலமாக அடிக்கிற ராத்திரியில் இங்கே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். நெட் போனாலும் ஆட்டக் கடிகாரம் நிற்காது. அப்படிப்பட்ட நாளில் ஆட்டம் வேண்டாம், லிசெஸ் ஆப்பில் நெட் இல்லாமலே புதிர் போடலாம். ஒரே நகர்த்தலில் மேட் வருகிற புதிர்களில் தொடங்குங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகள் போனிலேயே செஸ் ஆடுகிறாள். போர்டு வாங்கித் தர வேண்டுமா?
கீழக்கரை வாசகி

பதில்: கட்டாயம் வாங்கிக் கொடுங்கம்மா. போட்டிக்குப் போனால் அங்கே நிஜப் போர்டுதான், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. போனில் மட்டும் ஆடிய பிள்ளை அங்கே திணறும். அப்புறம், ஆப்பில் முன்பின் தெரியாதவர்கள் பேசுகிற சாட் வசதியை இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எதிராளி கம்ப்யூட்டர் பார்த்து ஆடுகிறார் என்று சந்தேகம் வந்தால்?
தொண்டி வாசகர்

பதில்: அவரோடு சாட்டில் சண்டை போட வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் புகார் பட்டனை அழுத்திவிட்டு, அவரை பிளாக் செய்துவிடுங்கள். பிடிபட்டால், அவரிடம் நீங்கள் இழந்த ரேட்டிங் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும்.