மாவட்ட நீதிபதிக்கு அவ்வளவு அதிகாரமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாவட்ட நீதிபதி அதிபரின் உத்தரவையே நிறுத்திவைத்தாராமே, கீழ்க்கோர்ட்டுக்கு அவ்வளவு அதிகாரமா?

பதில்: பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கூட்டாட்சி (அதாவது மத்திய அரசின்) நீதிமன்றங்களில் மாவட்ட நீதிமன்றம்தான் கீழ்மட்டம், ஆனால் அந்த நீதிபதியை அதிபர் நியமித்து, செனட் ஒப்புதல் தந்த பிறகு, பதவி ஆயுளுக்கும் அவருடையது, சம்பளத்தைக்கூடக் குறைக்க முடியாது. துணிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் தடை உத்தரவை நாடு முழுக்க நீட்டும் வழக்கத்துக்கு 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டுவிட்டது.

இப்படி 94 மாவட்ட நீதிமன்றங்கள். சாட்சி, குறுக்கு விசாரணை, ஜூரி எல்லாம் இங்கேதான். விவாகரத்து மாதிரி வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்குப் போய்விடும். இங்கே வர கூட்டாட்சிச் சட்டம் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வெவ்வேறு மாநிலத்தவருக்குள் 75,000 டாலருக்கு மேலான தகராறாக இருக்க வேண்டும்.

அப்புறம் மேல்முறையீடு. அதற்கு 13 நீதிமன்றங்கள். பெரும்பாலும் மூன்று நீதிபதிகள் உட்காருவார்கள், புதுச் சாட்சி கிடையாது, கீழே பதிவானதைத்தான் புரட்டுவார்கள், வக்கீலுக்குக் கிடைப்பதே சில நிமிடங்கள், அதிலும் பாதி நீதிபதிகளின் குறுக்குக் கேள்வியில் போய்விடும். உச்ச நீதிமன்றம் வருடத்துக்குச் சில டஜன் வழக்குகளையே விசாரிப்பதால் அநேக வழக்குகளுக்குக் கடைசி வார்த்தை இந்த மூவருடையதுதான்.