தொடையைத் தட்டி ஆடும் ஆல்ப்ஸ் நடனம் எப்படித் தோன்றியது?
ஆண்கள் தொடையையும் காலணியின் அடியையும் தட்டி ஆடும் ஆல்ப்ஸ் நடனத்தின் மூலம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஷூபிளாட்லர் எனப்படும் அது ஜெர்மனியின் மேல் பவேரியாவுக்கும் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதிக்கும் உரியது. லெண்ட்லர் என்னும் மூன்று தட்டுத் தாளத்து இணை நடனத்தோடு நெருங்கிய உறவுடைய இதில், பெண் சுழன்றபடி விலகிச் செல்ல, ஆண் துள்ளியும் தட்டியும் அவள் மனத்தைக் கவர முயல்வான். ஆல்ப்ஸ் காடுகளில் வாழும் குரூஸ் (grouse) என்னும் கோழியினப் பறவையின் ஆண், இணைதேடி ஆடுவதைப் பார்த்து உருவானது என்னும் விளக்கம் பொருத்தமாகத் தோன்றினாலும், அதை நிறுவும் சான்று இல்லை.

11ஆம் நூற்றாண்டின் ‘ருவோட்லீப்’ என்னும் லத்தீன் காவியத்தில், ஆண் வல்லூறு போலவும் பெண் தகைவிலான் குருவி போலவும் சுழன்றாடும் காட்சி வருகிறது. இதையே ஷூபிளாட்லரின் முதற்குறிப்பு என்பார்கள். அதில் தட்டுதல் இல்லாததால், துரத்தி ஆடும் இணை நடனத்தின் பழமைக்கு மட்டுமே அதைச் சான்றாகக் கொள்வேன்.

இன்று மேடையில் காணும் ஒழுங்கான குழு வடிவம் பிற்காலத்தது. 1883இல் பைரிஷ்செல் ஊரில் ஆசிரியர் யோசஃப் ஃபோக்ல் மரபுடையைக் காக்கச் சங்கம் தொடங்கினார். அதைத் தொடர்ந்து பெருகிய சங்கங்களே அசைவுகளை வரையறுத்து, போட்டிகளும் நடத்தின.