மருந்துக்குக்கூட

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘அவர் எனக்கு உதவினார்’ என்ற பொருளில் ‘ஹி லிஃப்டெட் எ ஃபிங்கர் டு ஹெல்ப் மி’ என்று ஆங்கிலத் தேர்வில் எழுதினாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் சுழித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். ‘டிட் நாட் லிஃப்ட் எ ஃபிங்கர்’ சரி, ‘லிஃப்டெட் எ ஃபிங்கர்’ தவறு என்றால் இது என்ன நியாயம்? ஆங்கிலத்தில் ஒழுங்கு என்பது மருந்துக்குக்கூடக் கிடையாதா? பள்ளிக்குப் போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன்.
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: ‘மருந்துக்குக்கூடக் கிடையாதா’ என்று எழுதினீர்களே அம்மா, அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தப் பக்கம் முழுவதையும் உங்களுக்குத் தருகிறேன். கேட்ட கேள்விக்கான விடையைக் கேள்விக்குள்ளேயே முடிந்து அனுப்பியிருக்கிறீர்கள்.

‘எங்கள் வீட்டில் மருந்துக்குக்கூடச் சர்க்கரை இருக்கிறது’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? திருமங்கலத்திலிருந்து மேலூர் வரை தேடினாலும் அப்படிப் பேசுகிற ஆள் அகப்பட மாட்டார். இல்லை, கிடையாது, கிடைக்காது என்று ஏதாவது ஒன்று பின்னால் வந்தால்தான் ‘மருந்துக்குக்கூட’ என்பது வாக்கியத்துக்குள் கால் வைக்கும்.

அந்த மருந்து எவ்வளவு என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்த நாட்களில், கீழமாசி வீதிப் பக்கம் வாங்கி வந்த கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், சுட்ட வசம்பு எல்லாம் ஒரு சிறு டப்பாவில் இருக்கும். பாட்டி உரைகல்லில் ஒவ்வொன்றையும் ஒரு சுற்று, இரண்டு சுற்று, அதற்குமேல் ஒரு சுற்றுகூட உரைக்க மாட்டார். கல்லில் ஈரமாக ஒரு தடம் தெரியும், அவ்வளவுதான் மருந்து. அதைக் குழைக்கத் தேன் வேண்டும். வீட்டில் தேன் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் போய் ‘மருந்துக்குக் கொஞ்சம் தேன் கொடுங்கள்’ என்று கேட்போம். அப்படிக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், ஏனென்றால் அது விரல் நுனி அளவுதான். அந்த விரல் நுனி அளவுகூட வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டால், படி அளவு இருக்குமோ என்று எவரும் சந்தேகப்பட முடியாது. உங்கள் மகளுக்கு வேண்டிய இலக்கணம் இதற்குள்ளேயே இருக்கிறது.

எதை மறுத்தாலும் அதன் கடைசித் துகளைப் பிடித்து மறுப்பதுதான் மனிதப் பேச்சின் வழக்கம். ‘பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை’ என்றால் காலையிலிருந்து பட்டினி என்று புரிந்துகொள்கிறோம். துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாதவன் வேறு எந்த வேலையும் செய்திருக்க மாட்டான். குந்துமணித் தங்கம்கூடப் போடவில்லை என்றால் சங்கிலி, வளையல் பற்றிக் கேட்க வேண்டியதே இல்லை. ‘இம்மியும் நகரவில்லை’ என்கிறோமே, இம்மி என்பது நம் பழைய கணக்கில் ஓர் அளவு. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை மறுபடி 320ஆகப் பிளந்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று. இம்மி அதற்கும் கீழே கிடக்கிறது. இப்போது முந்திரி என்றால் பாயசத்தில் போடுவது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூலைத் தூக்கிப் போட்டோம், அதோடு எத்தனை சொற்களின் வேர் போயிற்று என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஆங்கிலேயனும் இதைத்தான் செய்கிறான். இரவெல்லாம் தூங்கவில்லை என்று சொல்ல ‘ஸ்லீப் எ விங்க்’ என்று ஒரு கண்சிமிட்டலை மறுக்கிறான். அசராமல் நின்றவனைப் பற்றிச் சொல்ல ‘பேட் அன் ஐலிட்’ என்று இமையசைவை மறுக்கிறான். உதவாதவனைச் சொல்ல ஒரே ஒரு விரலைத் தூக்குவதை மறுக்கிறான். இவற்றைத் திருப்பி உடன்பாடாகச் சொன்னால் சொல்லின் பலம் போய்விடும். ‘அவர் எனக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டார்’ என்று உதவியவரைப் பாராட்டினால் அவர் உங்கள் வீட்டுப் பக்கம் மறுபடி வருவாரா? உங்கள் மகள் எழுதியதும் அதுதான். உதவியவருக்கு நன்றி சொல்லப் போய், விரலைத் தூக்கியதோடு அவர் வேலை முடிந்தது என்று எழுதிவிட்டாள். விரலைத் தூக்கினார் என்பது கிரிக்கெட் நடுவருக்குப் பொருந்தும்.

குற்றம் பிள்ளையுடையது இல்லை. அந்தக் கைடுப் புத்தகத்துடையது. பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் நான் திட்டிக்கொண்டிருக்கும் அதே கைடுகள்தான். மதுரைப் புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு முன்பு, அங்கே நின்று எத்தனையோ கைடுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மரபுத்தொடர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். ‘லிஃப்ட் எ ஃபிங்கர்: உதவி செய்தல்.’ ‘பேட் அன் ஐலிட்: வியப்படைதல்.’ இப்படி அச்சடித்தால் பிள்ளை வேறெப்படி எழுதும்? மரத்தை வேரோடு தராமல் கிளையை ஒடித்துக் கையில் கொடுக்கிறார்கள். ‘இல்லை’ என்பது அந்தத் தொடரின் உறுப்பு. அதை வெட்டியெறிந்துவிட்டுப் பொருள் எழுதுவது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம்.

இதே பிழையைத் தமிழ் கற்க வருகிற ஒருவருக்கு நாம் செய்தால் எப்படி இருக்கும்? ‘சட்டை செய்தல்: மதித்தல்’ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். ‘அவன் என்னைச் சட்டை செய்யவில்லை’ நல்ல தமிழ். அந்த மனிதர் அடுத்த நாள் வந்து ‘என் மாமியார் என்னை மிகவும் சட்டை செய்தார்’ என்பார். கேட்டவர், மாமியார் தையற்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ‘அரைக்கையா, முழுக்கையா?’ என்று கேட்பார். ‘முழுமனதோடு’ என்று இவர் சொல்வார். புதுமண்டபத்தில் வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடிய காலத்தில் இந்த உரையாடல் அங்கே நடந்திருந்தால், காஜா எடுக்கிற பையன்கூடக் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்திருப்பான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. ‘நயா பைசா கிடையாது’ என்று இன்றும் சொல்கிறோம். நயா பைசா 1957இல் வந்தது, 1964இல் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆயிற்று. நாணயம் கையைவிட்டுப் போய்விட்டது, மறுப்பில் மட்டும் வாழ்கிறது. தம்பிடியும் அப்படியே. ரூபாயில் 192இல் ஒரு பங்கான அந்தக் காசைப் பார்த்திராதவர்கள் ‘தம்பிடி தேறாது’ என்கிறார்கள். அமெரிக்கர்களின் ‘ரெட் சென்ட்’ செப்புக் காசும் இதே சாதி. இதைச் சொன்னவுடன் உசிலம்பட்டி அன்பர் எழுந்து நிற்பார் என்று தெரியும். ‘எனக்கு அக்கறையே இல்லை’ என்று சொல்ல ஆங்கிலத்தில் வழங்கும் ‘டோன்ட் கிவ் எ டாம்’ என்பதில் வரும் டாம், முகலாயர் காலத்துத் தாம் என்ற செப்புக் காசுதான் என்று மூன்று அஞ்சலட்டை எழுதியவர் அவர். ஒரு ரூபாய்க்கு நாற்பது தாம் என்பது உண்மை. ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களுக்காக 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அப்படி ஓர் ஊகத்தைச் சொன்னதும் உண்மை. ஆனால் அதற்குச் சான்று இல்லை என்று ஆக்ஸ்போர்டு அகராதி தள்ளிவிட்டது. அது வெறும் சாபச்சொல். நம் நாட்டுப் பெருமை என்பதற்காகச் சான்றில்லாததை இந்தப் பக்கத்தில் ஏற்ற மாட்டேன். நான்காவது அட்டை வந்தாலும் மசிய மாட்டேன்.

பிரெஞ்சு மொழியில் இந்த வழக்கம் இலக்கணத்தையே மாற்றிவிட்டது. டென்மார்க் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் இதை விரித்து எழுதினார். பிரெஞ்சில் ‘ந’ என்பதுதான் பழைய மறுப்புச் சொல். நடக்கவில்லை என்பதற்கு அழுத்தம் தர ‘பா’ சேர்த்தார்கள். பா என்றால் காலடி. ஓர் அடிகூட நடக்கவில்லை என்று பொருள். உண்ணவில்லை என்பதோடு ரொட்டித் துகளையும், குடிக்கவில்லை என்பதோடு சொட்டையும் சேர்த்தார்கள். நாளடைவில் காலடி மட்டும் எல்லா வினைக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று பேச்சில் ‘ந’ உதிர்ந்துபோய், ‘பா’ ஒன்றே ‘இல்லை’ என்று நிற்கிறது. ஆங்கில ‘நாட்’ என்பதும் ‘ஒரு பொருளும் இல்லை’ என்ற பழஞ்சொல் தேய்ந்து வந்ததே. நம் ‘இல்லை’க்கு இந்தத் தேய்மானம் நேரவில்லை.

நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் வேறொன்று உண்டு. தமிழில் மறுப்பு கடைசியில் வரும். ‘யாரும் வரவில்லை’ என்பதை அப்படியே வைத்து ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் நடக்க வேண்டும், ‘எனி’யும் ‘விங்க்’கும் அதன் பின்னால் வர வேண்டும். ஆகவே ‘நோபடி கேம்’. அந்த மறுப்பு ‘நாட்’ ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘வித்தவுட்’, ‘ஹார்ட்லி’, ‘ரெஃப்யூஸ்ட்’ போன்ற மறுப்பின் உறவினர்களும் போதும்.

பள்ளிக்குப் போக வேண்டாம், அம்மா. ஆசிரியை சுழித்தது சரி. சுழித்த இடத்தில் காரணத்தை ஒரு வரி எழுதியிருக்கலாம் என்பது மட்டும் என் மனத்தாங்கல். மகளிடம் ஒரு நோட்டு கொடுங்கள். வீட்டிலும் தெருவிலும் பஸ்ஸிலும் காதில் விழுகிற ‘கூட இல்லை’களை ஒரு வாரம் அவள் எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். ஆசிரியையிடமும் ஒரு பிரதி காட்டுங்கள்.