ஜப்பானில் சாதாரணக் குடிமகன் துப்பாக்கி வாங்க முடியுமா?

முடியும். ஆனால் கைத்துப்பாக்கி ஆசையை விட்டுவிட வேண்டும். தற்காப்புக்கு என்ற காரணமும் எடுபடாது. வேட்டைக்கோ குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கோ ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் நீளத் துப்பாக்கி) வைத்துக்கொள்ள 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அதற்கே வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடுதளத்தில் செய்முறைத் தேர்வு, மனநலம் குறித்த மருத்துவச் சான்று என்று படிப்படியாக ஏற வேண்டும். காவல்துறையினர் குடும்பத்தாரையும் விசாரிப்பார்கள். துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாவை வேறொரு பெட்டியிலும் பூட்டி வைக்க வேண்டும். ஆண்டுதோறும் துப்பாக்கியைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்ட வேண்டும். தொலைவிலுள்ள இலக்கை ஒற்றைக் குண்டால் சுடும் ரைஃபிளுக்குப் பொதுவாக 10 ஆண்டுகள் ஷாட்கன் வைத்திருந்த அனுபவம் தேவை. கெடுபிடிதான், பலனும் தெரிகிறது. ஆனாலும் 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றது கையால் செய்த துப்பாக்கி. அதற்கு உரிமம் கேட்டு யாரும் விண்ணப்பிப்பதில்லை.