கை நடுங்குகிறது, தேறுவேனா?

கேள்வி: அப்பா குடித்துவிட்டு, 'உருப்படாதவன்' என்று பெல்ட்டால் அடித்தே வளர்த்தார். இன்று 34 வயதில் நானும் குடிக்கிறேன். நிறுத்தினால் கை நடுங்குகிறது. தேறுவேனா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தம்பி, என் அப்பாவும் அப்படித்தான். காலையில் டீ கிளாஸைப் பிடிக்க எனக்கும் இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூளை மதுவுக்குப் பழகிப்போனதால் வரும் நடுக்கம் அது, உங்கள் குணக்கேடு அல்ல. ஆனால் தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 48 மணி நேரத்துக்குள் வலிப்புகூட வரலாம். தனியாக முயலாதீர்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்தோடு நிறுத்துங்கள். போதை மீட்பு உதவி எண் 14446-க்கு அழைத்தால் இலவசமாக வழிகாட்டுவார்கள். அப்புறம், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போங்கள். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது, கட்டணம் கிடையாது. என் கதையைத் திட்டாமல் கேட்டவர்கள் அங்கேதான் கிடைத்தார்கள். எட்டாம் மாதம் டீ ஊற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை, தம்பி.