ஆக்சிஜன் 98 இருந்தும் பாதம் எரிவது ஏன்?

கேள்வி: வயது 57. கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பீடிப் பழக்கம் உண்டு. இரவில் இரண்டு பாதங்களும் எரிகின்றன, விரல்கள் மரத்துப்போகின்றன. நரம்புக்கு ஆக்சிஜன் போகவில்லை என்கிறார் நண்பர். ஆக்சிமீட்டரோ 98 காட்டுகிறது. எது சரி? புதுச்சேரிக்குப் போய் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். தமனி ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே கருவி சொல்கிறது. அது பாத நரம்புக்குள் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. துறைமுகத்தில் மீன் குவிவது வேறு, உங்கள் தெருவுக்கு மீன் வருவது வேறு.

கீழ்முதுகில் புறப்பட்டுக் கால்விரல் வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதை வழிநெடுகப் போஷிப்பவை நரம்புக்குள்ளேயே ஓடும் நுண்ணிய ரத்தநாளங்கள். ரத்த அழுத்தம் குறைந்தால் மூளையின் நாளங்கள் தாமாக விரிந்து சமாளித்துக்கொள்ளும். நரம்பின் நாளங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் மிகக் குறைவு. சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் இவற்றின் சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது, விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் நரம்பு மூச்சுத் திணறுவது இப்படித்தான். போதாததற்குச் சர்க்கரை நரம்பிழையை நேரடியாகவும் கெடுக்கிறது. மிக நீளமான நரம்பின் நுனிதான் முதலில் தளரும். ஆகவேதான் இரு பாதங்களிலும் ஒன்றுபோல் தொல்லை.

அந்த 98-ஐயும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ரத்தசோகை உள்ளவருக்கும் 98 காட்டும். இருக்கிற கொஞ்சம் ஹீமோகுளோபினும் நிரம்பியிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். பீடி விஷயம் இன்னும் மோசம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சாதாரண ஆக்சிமீட்டர் அதையும் ஆக்சிஜன் கணக்கில் எழுதிவிடும்! நிகோட்டின் வேறு நாளங்களைச் சுருக்குகிறது. நீங்கள் கேட்கவில்லைதான், ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது எரிச்சலைவிட அந்தப் பீடிதான்.

ஆக்சிஜன் வைப்பது வீண் செலவு. ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது மேலும் சுவாசிப்பதால் ஏறுவது சொற்பம். அளவுக்கு மீறினால் நுண்நாளங்கள் சுருங்கவும் செய்யும். உயர் அழுத்த அறையில் தரும் ஆக்சிஜன் ஆறாத சில கால் புண்களுக்கானது, எரிச்சலுக்கு அல்ல.

கடலூரிலேயே பொது மருத்துவரைப் பாருங்கள். எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வைட்டமின் பி12 அளவையும் கேட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுவோருக்கு அது குறையலாம். அந்தக் குறைவும் இதே மாதிரி மரத்துப்போகச் செய்யும், ஆனால் எளிதில் சரிசெய்யக்கூடியது. தட்டினால் அதிரும் உலோகக் கவையையும் நைலான் இழையையும் பாதத்தில் வைத்து உணர்ச்சியைச் சோதிப்பார்கள். கணுக்காலில் நாடியும் பார்ப்பார்கள். எரிச்சலைத் தணிக்க மாத்திரைகள் உண்டு, நீங்களாக வாங்க வேண்டாம். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அது பெரிய தமனியின் அடைப்பாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வலித்துச் சில்லிட்டு வெளிறினால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

அதுவரை தேவனாம்பட்டினம் மணலிலும் பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்திலும் உச்சிவெயிலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். மரத்த பாதத்துக்குச் சூடு உறைக்காது. கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியவரும்.